பட்டம் பெறாத விலங்கியல் மாணவர் சாலிம் அலி

தமிழ்த்துறையினராகிய நமக்கும் அறிவியல் பயிலும் மாணவர்க்கும் உள்ள உறவு பகுதி ஒன்று தமிழ் வகுப்பின் வழியே அமைவது. வேதியியல், இயற்பியல் மாணவரோடு விலங்கியல், தாவரவியல் மாணவரும் அவ்வகுப்பில் வந்து அமர்வர். அவர்களுள் திருவண்ணாமலை, செங்கம், போளூர், கலசபாக்கம் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து வருவோர் சிலர் ஆண்டுதோறும் இருப்பர். இளமறிவியல் வகுப்பில் விலங்கியலை விரும்பி எடுத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவம் பயில எண்ணி, அது கைகூடாமையால் இதற்கு வந்தவர்களே மிகப் பலர். மூன்றாண்டு கழித்துக் கையில் கிடைக்கும் பட்டம் எதற்கு உதவும் என்னும் கவலை, முதலாண்டிலேயே அவர்கள் முகத்தில் தெரிகிறது. அக்கவலை நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அவர்கள் பொருட்டு ஒரு பெரியவரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத விழைகின்றோம். அப்பெரியவர் விலங்கியலைப் பயின்றவர். ஆனால் விலங்கியலில் பட்டம் பெறாதவர். பட்டமில்லாக் குறையால் வேலை இழந்தவர். பின்னர் பல்கலைக்கழகங்களே முனைவர் பட்டம் தந்து பெருமைப்படுத்திய பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்கள்தாம் அவர்.

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். சுலைமானி போரா மரபினர். உடன்பிறந்தார் பலருள் கடைக்குட்டி. ஓர் அகவையில் தந்தையையும் மூன்று அகவையில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் பிள்ளைப்பேறற்ற அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் மக்களாக ஏற்று, கேத்வாடி இல்லத்தில் வளர்த்தனர். விடுதலைப் போராட்டத்தில் பெரும்பங்கு கொண்ட அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமன் முறையினரே. வசதியான குடும்பம்; கல்வியை மதித்த குடும்பம். பிற்காலத்தில் இவர் வாழ்வைப் போற்றுவோர் பலர் இவ்வசதியைச் சொல்லாமல் கடந்து விடுகின்றனர். வேலையில்லாத ஆண்டுகளிலும் இவர் பறவை நோக்கிக் காலம் கழிக்க இயன்றமைக்கு அக்குடும்பத்தின் தாங்குதலும் ஒரு காரணம். அதனை மறைத்து எழுதினால், வறிய குடும்பத்து மாணவர்க்கு நாம் பொய்யான நம்பிக்கை ஊட்டியவர்கள் ஆவோம்.

அந்நாளில் பம்பாய்ச் செல்வர் வீட்டுச் சிறுவர்க்குக் காற்றுத் துப்பாக்கி ஒரு விளையாட்டுப் பொருள். பத்து அகவையைச் சற்றே கடந்திருந்த சாலிமும் தம் வீட்டருகே சிட்டுக்குருவிகளைச் சுட்டு விளையாடினார். ஒருநாள் வீழ்ந்த குருவி, வழக்கமான ஊர்க்குருவி போன்றிருந்தும் தொண்டையில் மஞ்சள் தீற்றல் ஒன்று பெற்றிருந்தது. இது எவ்வகைப் பறவை, இஸ்லாமியர் உண்ணத் தக்கதுதானா என்னும் ஐயத்தோடு மாமனிடம் கொண்டு சென்றார். மாமனாருக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் உறுப்பினர். ஆகவே அக்கழகத்தின் மதிப்புறு செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுக மடல் தந்து சிறுவனை அனுப்பி வைத்தார்.

அந்நாளில் ஆங்கிலேயர் ஒருவரை நேரில் காண்பதே இந்தியச் சிறுவனுக்கு அச்சந்தரும் செயல். மில்லார்டோ அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொல்லியதோடு நின்றாரல்லர். பேழைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்கள் ஈந்தார். பறவைத் தோலை உரித்துப் பாடம் செய்யவும், கண்டதை நாட்குறிப்பில் முறையாக எழுதவும் கற்க வழி செய்தார். பத்துப் பன்னிரண்டு அகவைச் சிறுவனின் வினாவைப் பொருட்படுத்தி விடை சொன்ன அந்த அரை மணி நேரத்தால் இந்தியப் பறவையியலின் போக்கே மாறியது எனலாம். ஆசிரியப் பணியிலுள்ள நாம் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

பள்ளிப் படிப்பு இவருக்கு இனிக்கவில்லை. தூய சேவியர் பள்ளியில் பயின்ற காலத்தில் ஓயாத தலைவலி வாட்டியது. வறண்ட காற்று நலந்தரும் என்று கருதிச் சிந்து நாட்டிற்கு அனுப்பப்பட்டார். படிப்பு இடையிடையே முறிந்தது. 1913ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேசன் தேர்வில் அரும்பாடுபட்டே தேறினார். பின்னர்த் தூய சேவியர் கல்லூரியில் சேர்ந்தும் முதலாண்டைத் தாண்ட இயலவில்லை. கணிதம் அவரை அச்சுறுத்தியது. பறவைகளின் சிறகமைப்பை மணிக்கணக்கில் நுணுகி நோக்கவல்ல அம்மாணவர் கணக்கேட்டின் முன் சோர்ந்து போனார். கல்லூரியை விட்டு விலகினார்.

அடுத்து அவர் சென்ற இடம் பர்மாவின் தெனாசரிமில் உள்ள தவாய். அங்கே குடும்பத்தினர்க்கு உல்ஃபிராம் சுரங்கமும் மர வணிகமும் இருந்தன. கணக்குப் பேரேட்டைக் காட்டிலும் சுரங்கத்தைச் சூழ்ந்திருந்த காடே அவரை ஈர்த்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அங்கிருந்த வனத்துறை அலுவலர் சிலரோடு ஏற்பட்ட நட்பும் காட்டறிவை வளர்த்தது. வணிகம் வளரவில்லை.

1917ஆம் ஆண்டு பம்பாய் திரும்பினார். குடும்பத் தொழிலுக்குப் பயன்படும் கல்வி வேண்டும் என்று தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்கச் சேர்ந்தார். இவருடைய உள்ளம் வேறெங்கோ இருப்பதைக் கண்டறிந்தவர் தூய சேவியர் கல்லூரியின் அருட்தந்தை எத்தல்பர்ட் பிளாட்டர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவியாகிய அவர் தாவரவியல் வல்லுநர். நாம் முன்னர்க் குறித்த மில்லார்டோடு சேர்ந்து இந்திய மரங்கள் பற்றி நூலெழுதியவர். விலங்கியலை முறையாகக் கற்குமாறு அவர் சாலிமை இணங்கச் செய்தார்.

அதன்பின் சாலிமின் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலையில் தாவர் கல்லூரியில் வரவு செலவுக் கணக்கும் ஒப்பந்தச் சட்டமும். அதன்பின் சேவியர் கல்லூரியில் விலங்கியல். முன்னது பிழைப்புக்கு, பின்னது உயிர்ப்புக்கு என்று அவர் வகுத்துக் கொண்டார் போலும். இளமைப் பருவத்தில் தாமாகவே தேடித் திரட்டிய பறவையறிவு அதுவரை சிதறிய மணிகளாய்க் கிடந்தது. வகைப்பாடு, உள்ளமைப்பு, உடலியங்கியல் என்னும் நூலில் அம்மணிகளைக் கோத்துத் தந்தது அவ்விலங்கியல் வகுப்பே. ஒரு பறவையைப் பெயர் சொல்லி அழைப்பது வேறு. அதன் அலகு ஏன் அவ்வடிவில் உள்ளது, அதன் இறகு எவ்வாறு முளைத்து உதிர்கிறது, அது எக்குடும்பத்தோடு உறவுடையது என்று அறிவது வேறு. ஆய்வுக்கூட மேசையில் தவளையும் கரப்பானும் அறுத்துப் பார்ப்பது எதற்கு என்று சலித்துக் கொள்ளும் நம் மாணவர், இவர் அம்மேசைக்கு வணிகக் கல்லூரியிலிருந்து நாள்தோறும் நடந்து வந்தார் என்பதை அறிதல் நன்று. அவ்விலங்கியல் பாடத்திட்டத்தை அவர் நிறைவாகவே முடித்தார். ஆனால் முறையான பல்கலைக்கழகப் பட்டம் கைக்கு வரவில்லை.

1918 திசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினா பேகத்தை மணந்தார். மீண்டும் தொழிலில் முயன்றார், அது கைகொடுக்கவில்லை. இனி வேலை தேடியே ஆகவேண்டும் என்னும் நிலை வந்தது. இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று ஏற்பட்டபோது அதற்கென்றே பிறந்தவர் போலிருந்த சாலிமுக்கு அது கிட்டவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதே காரணம்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அத்துறையைப் பழித்தும், பட்டப்படிப்பையே எள்ளியும் பேசுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்பின் அறியாத ஒருவர் பயிற்சி பெற்றவரா என்பதை அறிய, ஓர் அலுவலகத்திற்குச் சான்றிதழ் அன்றி வேறு என்ன அளவுகோல் உண்டு? ஆனால் அளவுகோல் அளக்கத் தவறியதும் உண்மையே. பட்டம் என்பது கற்றதற்குச் சான்று, கல்வியே அன்று. சான்று இல்லாத கல்விக்கு உலகம் எவ்வளவு கடுமையான விலை கேட்கும் என்பதை அப்போது முப்பது அகவையை நெருங்கிய அவர், மனைவியைக் காக்கும் பொறுப்போடு நின்று அறிந்தார். தேர்வெழுதாமல் ஊருக்குத் திரும்பிவிட எண்ணும் மாணவர் எவரேனும் சாலிம் அலியைத் துணைக்கு அழைப்பராயின், இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

1926ஆம் ஆண்டு பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். திங்கள் ஊதியம் 350 ரூபாய். காண வருவோர்க்கு விளக்கம் சொல்லும் அப்பணி ஈராண்டில் அலுத்தது. தம் அறிவின் எல்லை தமக்கே தெரிந்தது. 1928இல் விடுப்புப் பெற்றுச் செருமனி சென்று, பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்டிரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். இங்கே தடையாக நின்ற பட்டக்குறை அங்கே தடையாகவில்லை. ஸ்டிரெஸ்மானைத் தம் குருவாகவே இறுதிவரை போற்றினார். பின்னாளில் பரிணாம அறிவியலில் உலகப் புகழ் பெற்ற எர்னஸ்ட் மேயரும் அங்கே அறிமுகமானார். ஹெல்கோலாந்துத் தீவில் பறவைகளின் காலில் வளையமிடும் கலையைக் கற்றார். அக்காலத்தில் பெர்லினில் வாழ்ந்த நம் செண்பகராமன் பிள்ளையையும் இவர் சந்தித்தார் என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி.

புதிய அறிவோடு 1930இல் நாடு திரும்பியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. நிதியில்லை என்று அருங்காட்சியகம் அவருடைய பணியிடத்தையே நீக்கிவிட்டது. பெர்லினில் பயின்றவர் வேலையற்றவரானார். பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவியின் குடும்பத்தார்க்கு ஒரு வீடு இருந்தது. வாடகை இல்லாத இடம் என்பதால் அங்கே குடியேறினர்.

அவ்வூர் மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. நம் திருவண்ணாமலைப் பகுதியில் வயற்கிணற்றின் மேல் சாய்ந்த மரத்திலும் ஏரிக்கரைப் பனையிலும் தொங்கும் அதே கூடுகள்தாம். குறுந்தொகைப் புலவர் நீண்ட பனையில் தொங்கும் இக்கூட்டின் பின்னலை உவமையாக்கி ஈராயிரம் ஆண்டு ஆகிறது. கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டி இக்குருவி விளக்கேற்றும் என்று நம்மூர்ப் பாட்டியர் கதை சொல்வர். களிமண் உண்டு, மின்மினி கதையே. எல்லாரும் பார்த்த கூடு அது. ஆயினும் அங்கே நடக்கும் இல்லறம் எவ்வகையது என்று முறையாக அமர்ந்து நோக்கியவர் அரியர். சாலிம் அலி அமர்ந்தார்.

அந்நோக்கில் தெளிந்தவை வியப்பூட்டுவன. கூட்டைத் தொடங்குவது ஆண்பறவை. நார்களைக் கிழித்து வந்து பின்னி, தலைக்கவசம் போல் பாதி வடிவம் வந்ததும் நிறுத்திவிடும். அப்போது பெட்டைகள் கூட்டமாய் வந்து கூடு கூடாக நுழைந்து சோதிக்கும். பெட்டைக்குப் பிடித்தால் அக்கூட்டில் குடியேறும். ஆணும் அதற்கு உரிமையாகும். பிடிக்காவிட்டால் அக்கூடு அரைகுறையாகவே கைவிடப்படும். முடிவுறாத கூடுகள் அவ்வளவு ஏன் தொங்குகின்றன என்னும் வினாவுக்கு விடை இதுவே. ஏற்கப்பட்ட கூட்டை ஆண் நீண்ட நுழைகுழல் வைத்து முடித்துக் கொடுக்கும். பெட்டை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கும். அதனை வேறொரு பெட்டை வந்து பார்க்கும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் துணை கொள்ளும் முறையை அவர் விளக்கி எழுதிய கட்டுரை 1931இல் கழக ஆய்விதழில் வெளிவந்தது. பறவையியல் உலகில் அவர் பெயரை நிலைநாட்டியது அக்கட்டுரையே. ஆய்வுக்கூடம் இல்லை, உதவித்தொகை இல்லை, பதவி இல்லை. மரமும் குருவியும் நாட்குறிப்பும் பொறுமையும் இருந்தன. விலங்கியல் வகுப்பில் கற்ற முறையும் இருந்தது. அஃதின்றேல் அவர் கண்டது பாட்டி கதைக்கு மறுப்பாக மட்டுமே நின்றிருக்கும்.

பின்னர்ச் சில திங்கள் நீலகிரியின் கோத்தகிரியில் தங்கினார். படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தன் என்பார் அவரை அங்கே அழைத்திருந்தார். அடுத்து வந்தன அவர் வாழ்வின் வளமான ஆண்டுகள். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் முதலிய மன்னராட்சி நாடுகளின் பறவைகளை ஒழுங்குறக் கணக்கெடுக்கும் பணியை அவர் மேற்கொண்டார். பயணச் செலவும் முகாம் செலவும் தந்தால் போதும், ஊதியம் வேண்டா என்று அவரே முன்வந்தார். மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் கூடாரங்களை ஏற்றிக் காடு காடாகச் சென்றார். 1933இல் நடந்த திருவிதாங்கூர்ப் பயணம் தென்னாட்டுப் பறவையியலுக்கு அடிப்படையாயிற்று.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி. அந்நாளில் இந்தியப் பறவைகள் பற்றிய முதன்மை அறிஞராக விளங்கியவர் ஹியூ விஸ்லர். துடுப்புவால் கரிச்சானின் நீண்ட வாலிறகில் ஒருபுறத்து இழை இல்லை என்பது அவர் தம் நூலில் எழுதியது. பழைய நூல்களிலிருந்து வழிவழியாக வந்த கூற்று அது. சாலிம் அலி இறகைக் கையில் எடுத்துப் பார்த்தார். நடுத்தண்டு முறுக்கிக் கொண்டிருப்பதால், உட்புறத்து இழை எது வெளிப்புறத்து இழை எது என்பதைப் பலரும் மாற்றி எண்ணிவிட்டனர் என்று கண்டு வெளிப்படையாக எழுதினார். பெயர் அறியாத ஓர் இந்தியர் தம் நூலில் குற்றம் காண்பதா என்று விஸ்லர் சினந்தார். மடல்களிலும் அச்சினம் தெரிந்தது. ஆனால் தம்மிடமிருந்த பறவைத் தோல்களை மீண்டும் ஆராய்ந்தவர், தம் பிழையை ஒப்புக்கொண்டார். அதன்பின் இருவரும் நெருங்கிய நண்பராயினர். கணக்கெடுப்புகளுக்கு விஸ்லர் பெருந்துணை புரிந்தார். நூலில் இருப்பதை மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கி வைக்கும் நம் கல்வி முறைக்கு இவ்விறகு ஒரு வினாவாக நிற்கிறது.

தெஹ்மினா பேகத்தைப் பற்றிப் போதிய அளவில் எவரும் எழுதவில்லை என்னும் குறை நமக்குண்டு. இங்கிலாந்தில் பள்ளிக்கல்வி பெற்றவர். ஆங்கிலத்திலும் உருதுவிலும் தோய்ந்தவர். நகர வாழ்வின் வசதிகளை உதறிக் கணவரோடு காட்டு முகாம்களில் வாழ்ந்தவர். 1939ஆம் ஆண்டு சிறியதோர் அறுவை மருத்துவத்தின் பின் அவர் மறைந்தார். நாற்பத்திரண்டு அகவையிலேயே சாலிம் தனியரானார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை கமூவும் அவர் கணவரும் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினர்.

அத்துயரின் பின் ஈராண்டில், 1941இல், இந்தியப் பறவைகள் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, பறவை நூலறிவு இல்லாதவரும் பார்த்தறியும் வகையில் அமைந்த அந்நூல் பதிப்புமேல் பதிப்பாக இன்றளவும் வருகிறது. டேராடூன் சிறையிலிருந்த நேரு அந்நூலின் படி ஒன்றை, நைனி சிறையிலிருந்த தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பின்னர் நாட்டை ஆண்ட இந்திரா காந்தி பறவைகள் பால் கொண்ட பற்று அச்சிறை நூலால் வளர்ந்ததே. 1947க்குப் பின் நிதியின்றித் தள்ளாடிய இயற்கை வரலாற்றுக் கழகத்தைக் காக்குமாறு சாலிம் நேருவுக்கு எழுதி உதவி பெற்றதும் நூல்வழி வந்த இவ்வுறவின் பயன் எனலாம். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இவர் எழுதிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றி எழுதுவோர் எவரும் அதனைத் தொடாமல் எழுத இயலாது.

பறவைகளுக்கு அடுத்தபடி அவர் பெருவிருப்பம் மோட்டார் சைக்கிள்! தவாயில் வாங்கிய முதல் வண்டி தொடங்கிப் பலவகை வண்டிகளை ஓட்டினார். 1950இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குச் சென்றபோது, தம் சன்பீம் வண்டியையும் கப்பலில் ஏற்றிச் சென்று ஐரோப்பாவெங்கும் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் மாண்டன. மாந்தரும் காய்ச்சலால் மடிந்தனர். கியாசனூர்க் காட்டு நோய் என்று பெயர் பெற்ற அது, உண்ணிகளால் பரவுவது. ருசியாவில் கண்ட ஒரு நோயை ஒத்தது. வலசை வரும் பறவைகளின் உடலில் ஒட்டி வந்த உண்ணிகளே கொண்டுவந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை ஆராய உலக நலவாழ்வு அமைப்பின் உதவியோடு சாலிமின் தலைமையில் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து வளையமிட்டனர். ஹெல்கோலாந்தில் கற்ற கலை இங்கே பயன்பட்டது. நோய்க்கு வலசைப் பறவைகள் காரணம் என்பது மெய்ப்படவில்லை. ஆயினும் எப்பறவை எங்கிருந்து எங்கே செல்கிறது என்னும் செல்வம் அறிவியலுக்குக் கிட்டியது. நம் கோடியக்கரையும் அவ்வளையப் பணியின் முதன்மை நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இனி, பட்டத்தின் கதைக்கு வருவோம். இளநிலைப் பட்டமும் இல்லாத இவரிடம் மாணவர்கள் பறவையியலில் முதுநிலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்கும் ஆய்வு செய்தனர். முதல் மாணவரான விஜயகுமார் அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? கிஹிமில் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த தூக்கணாங்குருவி! அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இலும், தில்லிப் பல்கலைக்கழகம் 1973இலும், ஆந்திரப் பல்கலைக்கழகம் 1978இலும் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1958இல் பத்மபூசண், 1976இல் பத்மவிபூசண் விருதுகள் வந்தன. 1967இல் பிரித்தானியப் பறவையியல் ஒன்றியத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். பிரித்தானியர் அல்லாதார் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைக் காப்புக்கென நிதியமாக்கினார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டே தன்வரலாறும் வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயரில் வீழ்ந்த அச்சிட்டுக்குருவியே இடம் பெற்றது.

புகழ்ந்தே எழுதினால் வரலாறு ஆகாது. பரத்பூர் நீர்நிலையைப் பறவைகளுக்கெனக் காத்ததில் சாலிம் அலிக்குப் பெரும்பங்குண்டு. எருமை மேய்ச்சலைத் தடுத்தால் பறவைகள் செழிக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1982இல் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்த சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. மேய்ச்சல் நின்றபின் புல் பெருகி நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு நன்மைக்கு மாறாகத் தீமையே விளைந்தது. இதனை ஆராய்ந்து எழுதியவர்கள் யார் என்பதே குறிப்பிடத்தக்கது. அவர் வளர்த்த அதே கழகத்தின் ஆய்வாளர்கள், பல்லாண்டு நீரையும் புல்லையும் பறவையையும் அளந்து அம்முடிவுக்கு வந்தனர். கரிச்சான் இறகில் விஸ்லரை இவர் திருத்தியது போல, இவரை இவர்தம் வழிவந்தோர் திருத்தினர். மக்கள் இழந்த உயிர்களை எத்திருத்தமும் மீட்டுத் தரவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், தம் 90ஆம் அகவையில், புற்றுநோயால் பம்பாயில் காலமானார். 1990இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது. ஆனைகட்டி மலையடிவாரத்தில் அது அமைந்துள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் புலமும் அவர் பெயரைத் தாங்குகிறது. இமயமலைப் பகுதியின் ஒரு பூங்குருவிக்கு 2016இல் அறிவியலார் அவர் பெயரை இட்டனர்.

அவர் பெயர் தாங்கும் உயிர்களுள் நமக்கு அணுக்கமானது ஒரு பழந்தின்னி வௌவால். 1948இல் நம் மாநிலத்துத் தேனிப் பகுதியின் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் அதனைப் பிடித்துப் பாடம் செய்து பம்பாய்க் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே அதனை ஊர்ப்புறத்தில் எங்கும் காணும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று எண்ணிப் பேழையில் வைத்துவிட்டனர். இருபத்து நான்கு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தோங்லோங்யா அப்பேழையைத் திறந்து பார்த்தார், பற்களை எண்ணினார், இது தனியோர் இனம், தனியொரு பேரினம் என்று கண்டு சாலிம் அலியின் பெயரை இட்டார். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. மேகமலையிலும் பெரியாற்றிலும் களக்காடு முண்டந்துறையிலும் இரவில் அது இன்றும் பழந்தேடிப் பறக்கிறது.